கால் மாத்திரைக்கு வாய் நுரைக்கும் பூனை

கேள்வி: டாக்டர், வணக்கம். எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு ஆண் பூனை இருக்கிறான். வயது நான்கு, எடை நான்கு கிலோ. போன வாரம் அவனுக்குப் பேதி. இங்குள்ள மருத்துவர் பார்த்துவிட்டு, மெட்ரோனிடசோல் 200 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, காலையும் இரவும், ஏழு நாள் கொடுக்கச் சொன்னார். முதல் நாள் பொடித்துப் பாலில் கலந்தேன்; முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். வாயெல்லாம் நுரை, தரை முழுக்க எச்சில். அத்தை பயந்துபோய், "விஷம் ஏறிட்டு போல, இனி கொடுக்காத" என்கிறார். மூன்றாம் நாள் அவன் தின்னும் மீன் சோற்றில் கலந்து வைத்தேன். நேற்றிலிருந்து அந்தத் தட்டுப் பக்கமே வரவில்லை. மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் ஓடிவிடுகிறான். பேதி ஓரளவு நின்ற மாதிரி இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? இல்லை, கொடுக்க வேறு வழி உண்டா?
– பாளையங்கோட்டை வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருகிற வரி ஒன்றுதான்: நேற்றிலிருந்து தட்டுப் பக்கமே வரவில்லை என்பது. மாத்திரை உள்ளே போகாதது இரண்டாவது பிரச்சினை. எனவே முதலில் சாப்பாட்டைப் பேசிவிடுவோம்.

பூனை பட்டினி தாங்காத உயிர். நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்துவிடும். பூனை அப்படி இல்லை. இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே உடம்பிலிருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கும். அந்தக் கொழுப்பைச் செலவழிக்கும் வேகம் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. கண்ணும் ஈறும் மஞ்சளாகி, வாரக்கணக்கில் குழாய் வழியே உணவு கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைக்குப் போகலாம். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். செவலை வேறு எதையாவது தின்கிறானா என்று இப்போதே பாருங்கள். தட்டை மாற்றுங்கள், வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். மருந்து வாடையே படாத புது உணவை, வேகவைத்த சாளை மீனோ கோழியோ, உப்பும் முள்ளும் இல்லாமல் வெதுவெதுப்பாக வையுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றால் சரி. ஒரு முழு நாளாக எதையுமே தொடவில்லை என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம், அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அடுத்தது அத்தையின் பயம். அவரிடம் சொல்லுங்கள், அது விஷம் இல்லை. கடுங்கசப்பு நாக்கில் பட்டதும் அதைக் கழுவித் தள்ள பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யும். பூனை நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுப்பதால் அந்த எச்சில் அடித்த முட்டை மாதிரி நுரைக்கிறது. சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால்கூடச் சில பூனைகளுக்கு வாயில் நுரை வரும். கண்ணிலிருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும் சிறு குழாயில் அந்த மருந்து வழிந்து நாக்கை எட்டிவிடுவதுதான் காரணம். நுரை நிற்காமல் வெகுநேரம் நீடித்தாலோ, நடை தள்ளாடினாலோ, கண்மணிகள் பக்கவாட்டில் துடித்தாலோ, உடல் நடுங்கினாலோ அது வேறு விஷயம். மெட்ரோனிடசோல் அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும், அப்போது வரும் அறிகுறிகள் இவை. அப்படி ஏதாவது கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழைத்துப் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது வெறும் கசப்பு நுரை.

இனி தேனுக்கு வருவோம். நம் வீடுகளில் கசப்பு மருந்து என்றாலே தேனில் குழைப்பதுதான் பழக்கம். குழந்தைக்கு அது பலிக்கும், பூனைக்குப் பலிக்காது. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பி உருவாக இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பூனையிடம் அதில் ஒன்று சிதைந்து, செயலற்றுக் கிடக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். புலியிடமும் சிவிங்கிப்புலியிடமும் அதே பழுதுதான் இருந்தது. ஆகவே தேன், சர்க்கரை, குழந்தைகள் சிரப்பின் ஆரஞ்சு வாசனை எதுவும் செவலைக்குக் கசப்பை மறைக்காது. பிசுபிசுப்பாக நாக்கில் ஒட்டிக்கொண்டு, கசப்பு இன்னும் கொஞ்ச நேரம் தங்கத்தான் உதவும்.

கசப்போ பூனைக்கு நன்றாகவே தெரியும். இறைச்சியை மட்டும் நம்பி வாழ வந்த உயிருக்குக் கசப்பு என்றால் கெட்டது, நஞ்சு என்றுதான் உடம்பு சொல்லும். அதிலும் பல வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் ஒரு முக்கியமான வழி பூனையின் கல்லீரலில் பலவீனம். அப்படிப்பட்ட உடம்புக்கு நாக்கின் எச்சரிக்கை பெரிய காவல். செவலை உங்கள்மேல் கோபத்தில் துப்பவில்லை, பிடிவாதமும் இல்லை. அவன் நாக்கு செய்ய வேண்டியதைச் செய்கிறது.

உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தோ கசப்பில் முன்வரிசை. மனிதர்களுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரையின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். நாம் முழுசாக விழுங்குவதால் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பூனைக்குக் கால் பங்காக உடைக்கும்போது பூச்சு போய், உள்ளே இருக்கும் கசப்பு இரண்டு பக்கமும் திறந்துகொள்கிறது. பொடித்தால் கேட்கவே வேண்டாம், கசப்பு பல மடங்கு பரப்பில் பரவிவிடும். கசப்பு மாத்திரையைப் பூனைக்குப் பொடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒன்றை விட்டாலே உங்கள் சிரமத்தில் பாதி குறையும்.

இன்னொன்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்: சாப்பாட்டுத் தட்டில் மருந்தைக் கலப்பது. ஒரு தடவை மீன் சோறு கசந்தால் பூனை அந்தச் சோற்றையே சந்தேகிக்கத் தொடங்கும். பல நாள், சில சமயம் மாதக்கணக்கில், அதே உணவைத் தொடாது. உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். கலந்த சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் உங்களுக்குத் தெரியாது. தட்டு சாப்பாட்டுக்கு மட்டும். மருந்து வேறு இடத்தில், வேறு நேரத்தில், வேறு பொருளில் வரட்டும்.

சரி, எப்படித்தான் கொடுப்பது? கசப்பை வேறு சுவையால் அமுக்க முயல வேண்டாம். மாத்திரை நாக்கைத் தொடாமல் போகும் வழியைத் தேடுங்கள். நான் முதலில் சொல்வது காலி கேப்ஸ்யூல்.

மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் ஜெலட்டினால் ஆன காலி கேப்ஸ்யூல்கள் கிடைக்கும். இவற்றில் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். பூனைக்கு 3 அல்லது 4 ஆம் எண் சரியாக இருக்கும். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் 0 ஆம் எண் பூனைத் தொண்டைக்குப் பெரிது. கால் மாத்திரையை உள்ளே போட்டு மூடுங்கள். துண்டு நுழையாவிட்டால் மட்டும் இன்னும் ஒரு முறை பிளந்துகொள்ளுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாத்திரையை உடைத்த அதே விரல்களால் கேப்ஸ்யூலை மூடுவார்கள். விரலில் ஒட்டிய தூள் கேப்ஸ்யூலின் மேற்புறத்தில் படிந்துவிடும், பூனை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடும். எனவே கேப்ஸ்யூலை மூடியபின் உலர்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம் எடுங்கள். ஈரக் கை பட்டால் ஜெலட்டின் பிசின் மாதிரி ஒட்டும். கொடுப்பதற்குச் சற்றுமுன் கேப்ஸ்யூலின்மேல் ஒரு துளி நெய்யோ உப்பில்லா வெண்ணெயோ பூசினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்த மாத்திரையை உடைக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

இந்த வேலையையெல்லாம் செவலை இருக்கும் அறையில் செய்யாதீர்கள். அட்டையைப் பிரிக்கும் சத்தம் அவனுக்குப் பாடமாகிவிட்டது. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். அது தவிர, வெறும் அட்டைச் சத்தத்தை நாளில் இரண்டு மூன்று தடவை எழுப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு மீன் கொடுங்கள். மருந்து கிடையாது, சத்தமும் மீனும் மட்டும். சில நாளில் அந்தச் சத்தத்துக்கு ஓடுவது குறையும்.

கேப்ஸ்யூலை ஏதாவது தின்பண்டத்துக்குள் மறைத்துக் கொடுக்க முடிந்தால் அதுவே இரண்டு பேருக்கும் நிம்மதி. பூனை உணவை நாக்கைவிட மூக்கால் தேர்ந்தெடுக்கும், ஆகவே நல்ல வாசனையும் ஒட்டும் தன்மையும் உள்ள பொருள் வேண்டும். வேகவைத்த கோழி ஈரலை மசித்தது, சாளை மீனின் சதைப்பகுதி, உப்பில்லா வெண்ணெய், டியூபில் வருகிற க்ரீம் தீனி, இவற்றில் செவலைக்கு எது உயிர் என்று உங்களுக்குத்தான் தெரியும். வெதுவெதுப்பாக இருந்தால் வாசனை தூக்கும். மூன்று சிறு உருண்டைகள் செய்யுங்கள், பட்டாணி அளவு போதும். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கேப்ஸ்யூல். மூன்றாவது மறுபடி வெறும் உருண்டை. முதலாவதை நம்பி விழுங்குவான். இரண்டாவதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டுங்கள். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் வாயிலுள்ளதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். உருண்டை பெரிதாக இருந்தால் மெல்லுவான், மென்றால் கேப்ஸ்யூல் உடைந்து எல்லாம் வீணாகும்.

இது பசித்த பூனையிடம்தான் நடக்கும். நாள் முழுக்கத் தட்டில் தீனி கிடக்கும் வீட்டில் எந்த உருண்டைக்கும் மதிப்பில்லை. செவலை வழக்கமான அளவு சாப்பிடத் தொடங்கியபின், மருந்து நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு தட்டை எடுத்துவிடுங்கள், மருந்து உள்ளே போனதும் உடனே சாப்பாடு வையுங்கள். மெட்ரோனிடசோல் வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் அதற்கும் இது நல்லது.

எதில் மறைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பொடியாக இருந்தாலும், குழம்பில் கரைந்திருந்தாலும் அதேதான். ஆகவே வீட்டு மீன் குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம். கருவாட்டு வாசனைக்கு எந்தப் பூனையும் மயங்கும், ஆனால் அதன் உப்பு அதிகம், பேதி கண்டு நீர்ச்சத்து குறைந்திருக்கும் செவலைக்கு இப்போது வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதிக்கு மருந்து கொடுக்கும்போது பாலில் கொடுத்தால் பேதியைக் கூட்டவும் செய்யலாம். பூனைச் சளிக்கு எழுதித் தரும் டாக்சிசைக்ளினைப் பாலோடோ தயிரோடோ கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பலன் குறையும்.

உருண்டையையும் மறுத்தால் கையால் வாயில் போடுவதுதான் வழி. இதை எழுத்தில் படிப்பதைவிட ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். முறை இதுதான். இரண்டு பேர் இருந்தால் நல்லது. தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை விரித்து, நடுவில் அவனை உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே நான்கு காலும் உள்ளே இருக்கும்படி இரு பக்கமும் மடித்துச் சுற்றுங்கள். தலை மட்டும் வெளியே. இறுக்கம் வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது. அவன் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், பின்னால் நகர இடம் இருக்காது. பிடரியைப் பிடித்துத் தூக்குவது, பீரோ அடியிலிருந்து காலைப் பிடித்து இழுப்பது இரண்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த வேளை இன்னும் கஷ்டமாகும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடக்கையை மேலிருந்து தலையின்மேல் வையுங்கள். கட்டைவிரல் ஒரு கன்னத்து எலும்பிலும் நடுவிரல் மறு கன்னத்து எலும்பிலும் பிடித்து, மூக்கு மோட்டைப் பார்க்கும்படி தலையை மெல்லப் பின்னுக்குச் சாயுங்கள். கீழ்த்தாடை தானாகத் தளரும். வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கேப்ஸ்யூல், அதே கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை, கோரைப்பற்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் குட்டிப் பற்களை, மெல்லக் கீழே அழுத்துங்கள். வாய் திறந்ததும் நாக்கின் நடுவே, பின்பக்கம் மேடாகத் தெரியும் இடத்தைத் தாண்டிக் கேப்ஸ்யூலைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். முன்னால் விழுந்தால் துப்புவான், பக்கத்தில் விழுந்தால் கடிப்பான். போட்டதும் வாயை மூடி, தலையை இயல்பான நிலைக்குக் கொண்டுவந்து தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டான் என்று அர்த்தம். மொத்தமும் சில நொடிகளில் முடிய வேண்டும். இரண்டு முயற்சிக்குமேல் போனால் விட்டுவிடுங்கள், அரைமணி நேரம் கழித்துப் பார்க்கலாம். போராடி வெல்லும் ஒரு வேளையைவிட அமைதியாகத் தள்ளிப்போன ஒரு வேளை நல்லது. விரலை வாய்க்குள் விடப் பயமாக இருந்தால், முனையில் மெல்லிய ரப்பர் உள்ள மாத்திரைக் குழல் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

இதோடு முடிந்துவிட்டதாக எண்ணிப் பலர் பூனையை இறக்கி விட்டுவிடுவார்கள். கேப்ஸ்யூல் இன்னும் உணவுக்குழாயில் நின்றுகொண்டிருக்கலாம். பூனைக்குத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரையும் கேப்ஸ்யூலும் நிமிடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும் என்பது எக்ஸ்ரே படங்களில் கண்ட உண்மை. டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகள் அப்படித் தங்கினால் குழாயின் சுவரைப் புண்ணாக்கி, பின்னர் அது சுருங்கி, உணவே இறங்காத நிலையாகிவிடும். ஆகவே எந்த மாத்திரையானாலும் பின்னாலேயே ஊசி கழற்றிய சிரஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் கொடுங்கள். ஒரே அழுத்தில் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் க்ரீம் தீனியை நக்க விடுங்கள், அதற்குப் பின் சாப்பாடு.

தண்ணீரோ சிரப்போ கொடுக்கும்போது தலையை மேலே சாய்க்கக் கூடாது. மாத்திரைக்குத்தான் மூக்கு மோட்டைப் பார்க்கலாம், திரவத்துக்குத் தலை நேராக இருக்க வேண்டும். சாய்த்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாகலாம், அது பேதியைவிடப் பன்மடங்கு ஆபத்து. கோரைப்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத ஒரு இடைவெளி இருக்கும். கன்னத்தின் ஓரமாக அங்கே சிரஞ்சு முனையை நுழைத்து, அரை மில்லி அரை மில்லியாக, அவன் விழுங்க விழுங்கக் கொடுங்கள்.

சிரப் என்றதும் நீங்கள் கேட்கக்கூடும், குழந்தைகளுக்கு மெட்ரோனிடசோல் சிரப் இருக்கிறதே என்று. இருக்கிறது. அது மெட்ரோனிடசோல் பென்சோயேட். எச்சிலில் எளிதில் கரையாது என்பதால் மாத்திரையைவிடக் கசப்பு குறைவு, சில பூனைகள் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பென்சோயேட்டை வெளியேற்றுவதில் பூனையின் உடம்பு பின்தங்கியது, மில்லிக் கணக்கும் வேறு. சிரப்பில் இனிப்புக்காகச் சேர்ப்பவை பூனைக்கு ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம். உங்கள் மருத்துவர் பாட்டிலின் லேபிளைப் பார்த்து, அளவை எழுதித் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். கடைக்காரர் சொன்னார் என்று வாங்க வேண்டாம்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் நிறுத்த முடியுமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறே இல்லை. அவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இதுவரை எத்தனை வேளை உண்மையில் உள்ளே போயிருக்கும், மலம் இப்போது எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறானா. மலப் பரிசோதனை செய்யாமல் கொடுத்த மருந்தென்றால் இப்போது செய்யலாமா என்று கேளுங்கள். சாதாரணப் பேதிக்கெல்லாம் மெட்ரோனிடசோல் தேவையில்லை என்ற எண்ணம் எங்கள் தொழிலில் இப்போது வலுத்து வருகிறது. பல பேதிகள் உணவைச் சீராக்கினாலே நின்றுவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருப்பது தெரிந்தால் கதை வேறு, சொன்ன நாள் அத்தனையும் மருந்து போயாக வேண்டும். அதற்கும் ஃபென்பெண்டசோல் என்ற மாற்று மருந்து உண்டு, அதன் கசப்பு இந்த அளவுக்கு இருக்காது. "என் பூனைக்கு இதைக் கொடுக்க முடியவில்லை" என்று சொல்வது உங்கள் திறமைக் குறைவு ஆகாது. மருத்துவருக்கு அது தேவையான தகவல். ஊசியாகப் போட முடியுமா, இரண்டு வேளையை ஒரு வேளையாக்க முடியுமா, கசப்பில்லாத வேறு மருந்து உண்டா என்று அவர் யோசிக்க அதுதான் வழி. தைராய்டு மருந்து, பசியைத் தூண்டும் மருந்து போன்ற ஒன்றிரண்டைக் காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகக் கொடுப்பதும் உண்டு. எல்லா மாத்திரையையும் குழைத்துக் காதில் தடவினால் பலன் கிடைக்காது, மெட்ரோனிடசோலுக்கு அந்த வழி இல்லை.

கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டால்? கேப்ஸ்யூல் முழுசாகத் தரையில் கிடந்தால் அதையோ புதிதாக ஒன்றையோ உடனே கொடுக்கலாம். பாதி கரைந்து நுரையோடு போய்விட்டால் மறுபடி கொடுக்காதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இரட்டிப்பாக்கக் கூடாது. அடுத்த வேளை வழக்கமான அளவு. விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டு துண்டு கொடுப்பது கூடவே கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் காய்ச்சலென்று பூனைக்கு உடைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். ஐபுபுரூஃபனும் அப்படியே கெடுதல். மனித மாத்திரையைப் பூனைக்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு, நாமாக எடுத்துக் கொடுப்பது வேறு. அதேபோல எல்லா மாத்திரையையும் உடைக்கலாம் என்று எண்ண வேண்டாம். குடலில் போய்க் கரைவதற்கென்று பூச்சுப் போட்டவற்றையும், மெதுவாகக் கரையும்படி செய்தவற்றையும் உடைத்தால் வேலை செய்யும் விதமே மாறிவிடும். கேப்ஸ்யூலில் இடுவதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுக்கும்போது பல் பட்டுவிட்டால் சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்து விட்டுவிடாதீர்கள். பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். செவலைக்கு அந்தத் தடுப்பூசி போட்ட தேதி அட்டையில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இன்று மாலை நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் அவன் சாப்பிட வேண்டும். மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, தொடரச் சொன்னால் கேப்ஸ்யூல் வாங்கி வாருங்கள். இரவு வேளைக்கு முன் வெறும் ஈரல் உருண்டைகளை ஒன்றிரண்டு தடவை கொடுத்துப் பழக்குங்கள். மருந்து போனபின் அவனுக்குப் பிடித்த விளையாட்டு எதுவோ, கயிறோ பந்தோ, ஐந்து நிமிடம் விளையாடுங்கள். பூனைகளில் எஃப்.ஐ.பி. என்ற கடுமையான வைரஸ் நோய் போன்றவற்றுக்கு 84 நாள்கூடத் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்; அந்த வீடுகளில் வாரங்கள் ஓடுவது இந்த ஐந்து நிமிடத்தால்தான். அத்தையையும் கூட உட்கார வையுங்கள், துண்டைச் சுற்றிப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருக்கும். ஒரு முழு நாளாகச் செவலை எதையும் தின்னாமல் இருந்தாலோ, பேதியில் இரத்தம் கண்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும், சிறு டப்பாவில் கொஞ்சம் மலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.